சீனத் தொலைக்காட்சிக் காதல் நாடகங்கள்: கொழும்புத்துறைப் பார்வையாளர் ஒருவரின் கருத்துகள் பற்றிய வரலாற்று நோக்கு

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து தங்கிய சீனத் துறவி பாகியன், அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே பச்சைக்கல் புத்தர் சிலையின் முன்னர் வணிகன் ஒருவன் சீன நாட்டு வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு கண்ணீர் பெருக்கியதாகத் தமது பயணக் குறிப்பிற் கூறியுள்ளார். ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல்லாண்டு கழிந்த ஒருவருக்கு அந்த விசிறி அவ்வளவு பெரிய பொருளாயிற்று. சீனப் பண்டமொன்று இலங்கை மண்ணில் ஒரு மனித உள்ளத்தை என்ன செய்தது என்பதற்கு எழுத்தில் எஞ்சிய பழஞ்சான்று இது. ஆயின் அழுதவரும் சீனரே. அந்த விசிறியைப் பற்றி அநுராதபுரத்து மக்கள் என்ன நினைத்தனர் என்பதற்கு ஒரு வரியேனும் இல்லை.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையிலும் நிலைமை இதுவே. 1977 ஆம் ஆண்டு ஜோன் காஸ்வெல் அல்லைப்பிட்டியில் நடத்திய அகழ்வாய்வில் சொங் வம்சக் காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகள் வெளிவந்தன. பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப் பகுதிக்குட் கால் வைத்தவுடன் வருகின்ற ஊர் அது. அங்கே ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சீனக் கிண்ணம் வந்திறங்கியிருக்கிறது. அதில் உணவு உண்டவர் அதனை விரும்பினாரா, வெறுத்தாரா, விலை கூடியதென்று முறையிட்டாரா? ஓடு பேசாது. 1911 ஆம் ஆண்டு காலியிலே கண்டெடுக்கப்பட்ட 1409 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்குச் சீனப் பேரரசர் அளித்த காணிக்கைகளை வரிசையாகக் கணக்கிடுகின்றது. கொடுத்தவர் கணக்கு இருக்கிறது. பெற்றவர் கருத்து இல்லை.

வரலாற்று மாணவர் இதனை நினைவிற் கொண்டால், இன்று சீனத்திலிருந்து வந்திறங்கும் புதிய பண்டமொன்றைப் பற்றிச் சாதாரண மனிதர் சொல்லும் கருத்துகளைப் பொழுதுபோக்குப் பேச்சென்று தள்ளிவிடத் துணியார். அந்தப் பண்டம் தொலைக்காட்சிக் காதல் நாடகம். கருத்துரைப்பவர் கொழும்புத்துறையில் வாழும், அறுபதுகளின் பிற்பகுதியிலுள்ள தையற்கலைஞர் ஒருவர். பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. குருநகர், பாசையூர் ஆகியவற்றைத் தாண்டிக் கடனீரேரிக் கரையோரம் கிழக்கே கிடக்கும் இவ்வூரை யோகர் சுவாமிகளின் ஆச்சிரமத்தால் அறிந்தோர் பலர்; இறங்குதுறையால் அறிந்தோர் அதற்கு முற்பட்ட தலைமுறையினர். அங்கே ஒரு தையல் இயந்திரத்தின் அருகே, பேத்தியின் கைத்தொலைபேசியிற் சீன அரசகுமாரர்கள் காதலிக்கின்றனர்.

அந்தக் கைத்தொலைபேசிக்கு முந்திய வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திற் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கிற்று. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டு பெப்ருவரி 15 ஆம் திகதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்தவரோ உயர்ந்த கம்பங்களில் அன்ரெனாக்களைக் கட்டி வடக்கே இந்தியாவை நோக்கித் திருப்பினர். 1987, 1988 ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷனின் இராமாயணத் தொடரை இந்தி தெரியாமலே பார்த்துக் கண்ணீர் விட்டோர் பலர். மொழி தெரியாத நாடகத்தை முகத்திலிருந்து படிக்கும் பயிற்சி அப்போதே கைவந்துவிட்டது. ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடியுமட்டும் படம் பார்த்த இரவுகளும் அக்காலத்தவையே. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்திற் காட்சிக்கு இடமேது? 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதிய இடப்பெயர்வில் நகரமும் வலிகாமமும் ஒருசேரத் தென்மராட்சியை நோக்கி நடந்தன. மேற்சொன்ன தையற்கலைஞர் இயந்திரத்தின் தலையை மாத்திரம் கழற்றிச் சாக்கிற் சுற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். கால்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அவை அங்கே இல்லை.

சீனம் என்ற சொல் யாழ்ப்பாணத்தார் செவியில் முன்னர் வேறு பொருளில் ஒலித்தது என்பதும் மறக்கற்பாலதன்று. 1952 ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தால் அது அரிசியின் பெயராயிற்று. 1963 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி பீக்கிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியபின் அது ஒரு குரலாயிற்று. பொதுவுடைமை இயக்கம் பிளவுற்று நா. சண்முகதாசன் தலைமையிற் பீக்கிங் சார்பணி தனியே இயங்கியபோது, தீண்டாமைக்கு எதிராக 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தோடு அது ஓர் அரசியற் சொல்லாயிற்று. அன்றைய இளைஞர் அறிந்த சீனத்திற் காதல் இல்லை. உண்மையிலேயே சீன மேடையிலும் அப்போது அது இல்லை. 1966 முதல் 1976 வரையிலான கலாசாரப் புரட்சிக் காலத்து முன்மாதிரி நாடகங்களிற் போராளிகள் இருந்தனர், காதலர் ஏறத்தாழ இல்லை. அதே ஊர்களிற் பேரப்பிள்ளைகளுக்கு இன்று சீனம் என்றால் காதல்! இவ்வளவு பெரிய மாற்றம் எவ்வாறு நேர்ந்தது?

காதல் சீனருக்குப் புதியதன்று. ஆணுடை புனைந்து கல்வி கற்கச் சென்ற ஜூ யிங்தாய் என்ற பெண்ணும் அவளுடைய தோழன் லியாங் ஷான்போவும் இறந்து வண்ணத்துப்பூச்சிகளாகிய கதை அங்கே நம்மவர் அம்பிகாபதி கதையை அறிந்திருப்பதுபோற் பரவலானது. அக்கதையில் எதிரி பெண்ணின் குடும்பம். இருபதாம் நூற்றாண்டின் புதிய இலக்கியமும் அந்த எதிரியையே கைவிடாது பற்றியது; பா ஜின் எழுதிய புகழ்பெற்ற நாவலின் பெயரே ‘குடும்பம்’. 1950 ஆம் ஆண்டு மே முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் பெற்றோர் கட்டாயத்தாற் செய்யும் மணத்தை ஒழித்தது. சட்டம் வென்றபின் காதற்கதைக்கு எதிரி வேண்டுமே! அந்தக் குறையைத் தைவான் நிறைவுசெய்தது. செங்டுவில் 1938 இல் பிறந்து குடும்பத்தோடு தைவானுக்குப் பெயர்ந்த சியுங் யாவ் என்ற பெண் எழுத்தாளர் 1963 ஆம் ஆண்டு முதல் எழுதிய நாவல்கள் முதலிற் திரைப்படமாகவும் பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் பெருகின. பெருநிலச் சீனத்தில் 1990 ஆம் ஆண்டின் ‘ஏக்கம்’ என்னும் ஐம்பது பகுதித் தொடர் குடும்பக் கதையின் சுவையைப் பெருந்திரளுக்கு ஊட்டியது. 1998 இல் சியுங் யாவின் அரண்மனைக் கதையான ‘ஹுவான்ஜு கெகெ’ தைவானையும் பெருநிலத்தையும் ஒரே திரையின் முன் இருத்திற்று. அவர் 2024 டிசெம்பரிற் காலமானபோது, மூன்று தலைமுறைப் பெண்கள் அவரை வாசித்தும் பார்த்தும் முடித்திருந்தனர்.

இனிக் கொழும்புத்துறைப் பார்வையாளரின் கருத்துகளை நோக்குவோம்.

அவர் முதலிற் பார்த்தது 2018 ஆம் ஆண்டின் ‘மீட்டியோர் கார்டன்’. ஜப்பானியச் சித்திரக்கதையொன்று 2001 இல் தைவானிலும், பின்னர் ஜப்பானிலும் கொரியாவிலும், ஈற்றிற் பெருநிலச் சீனத்திலும் நாடகமான கதை அது. (தைவான் தொடரை 2002 இல் பெருநில அதிகாரிகள் இளைஞரைக் கெடுக்குமென்று நிறுத்தினர், பதினாறு ஆண்டுகளின்பின் அதே கதையைத் தாமே தயாரித்து உலகுக்கு விற்றது சீனம்.) இத்தகைய தொடர்களிற் செல்வந்த வீட்டுத் தாய், ஏழைப் பெண்ணைத் தன் மகனிடமிருந்து விலக்கப் பணம் நீட்டுவது வழமையாகிவிட்ட காட்சி. அதைப் பற்றி அவர் சொன்னது இது: “இஞ்ச காசு மற்றப் பக்கமாயெல்லோ போறது. விலகிப்போ எண்டு ஆர் காசு தருவினம்? சேரவெண்டெல்லோ கேப்பினம்.”

நகைச்சுவையாகத் தோன்றும் இக்கூற்று, இரு சமுதாயங்களின் திருமணச் சொத்துமுறைக்கு இடையிலான அடிப்படை வேற்றுமையைத் தொட்டுவிடுகின்றது. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டு தொகுத்துச் சட்டமாக்கிய தேசவழமையிற் சொத்து முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கப்பட்டது. மகளுக்குக் காணியும் நகையும் சீதனமாகப் பெற்றோரால் எழுதப்படும். பெரும்பாலான குடும்பங்களில் மணமகன் பெண்ணின் சீதன வீட்டிலேயே குடிபுகுந்தான். சீனத்திலோ மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பணமும் பொருளும் கொடுப்பது தொன்றுதொட்ட வழக்கம். பெண் கணவன் வீட்டுக்குச் செல்வாள். ஆகவே சீன நாடகத்து மாமியார் தன் வீட்டு வாசலிற் காவல் நிற்பவள்; வருபவளை அனுமதிக்கவும் விரட்டவும் அவளுக்கு அதிகாரம் உண்டு. சீதன வீட்டு முற்றத்தில் அந்த அதிகாரம் அவ்வளவு எளிதிற் செல்லுபடியாகாது. யாழ்ப்பாணத்துக் கொடுமை வேறிடத்தில் இருக்கின்றது: கலியாணப் பேச்சின்போது, இடையிலிருப்பவர் வீடு எவ்வளவு, நகை எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்று கேட்கும் நாளில். அந்த நாளைக் காட்டும் சீன நாடகம் இருக்க முடியாது. தமிழ்நாட்டுத் தொடர்களின் மாமியாரும் இப்பார்வையாளருக்குச் சீன மாமியாரைப் போலவே அயலவராகத் தோன்றுவது இதனாலேயே. சீதனம் சேராமையால் தம்முடைய இரு தங்கையரின் திருமணம் தள்ளிப்போன கதையையும், அந்த ஆண்டுகளில் இரவிரவாகச் சட்டை தைத்த கதையையும் அவர் இக்காட்சியைப் பார்த்த பின்னரே பேத்திக்குச் சொன்னார் என்பது குறிப்பிடத்தக்கது. ஏழைப் பெண்ணின் காதல் வென்றதற்காக மகிழ்ந்தவர் பேத்தி. பாட்டியார் மகிழ்ந்தது வேறொன்றுக்காக: அந்தப் பெண் பணத்தைத் தொடாமல் எழுந்து சென்றாளே, அதற்காக.

இரண்டாவது கருத்து நீளம் பற்றியது. தமிழ்த் தொடர்கள் முடிவதில்லை, சீனத் தொடர்கள் முடிகின்றன என்பது அவருடைய துணிபு. சன் தொலைக்காட்சியின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள் ஓடியது. ‘யான்சி அரண்மனைக் கதை’ எழுபதில் முடிந்தது. முடிவை அறிந்து எழுதியவனுக்கே தொடக்கம் ஒழுங்காக வரும் என்கிறார். இதற்குரிய காரணம் சீனக் கலைஞரின் தனித்திறமை என்று அவர் கருதுவதை முழுவதும் ஏற்றல் இயலாது. சீனத்தில் நாடகம் முழுவதும் தயாரித்து முடித்து, அரசின் தணிக்கைக்குக் கொடுத்து, வெளியீட்டு அனுமதி பெற்ற பின்னரே ஒளிபரப்பலாம். ஆதலால், நேற்றைய பகுதியை எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணி இன்றைய பகுதியை நீட்டும் வழி அங்கே அடைபட்டுள்ளது. தணிக்கையாளன் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறான் என்பது விந்தையே. அங்கும் நீட்சி இல்லாமலில்லை. 2020 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அரச வானொலி தொலைக்காட்சி நிர்வாகம் நாற்பது பகுதிகளுக்கு மேற் செல்லவேண்டாம் என்று தயாரிப்பாளருக்கு அறிவுறுத்தியது. கொழும்புத்துறையின் முறைப்பாடும் பெய்ஜிங்கின் கட்டளையும் ஒன்றுபட்ட அபூர்வமான இடம் இது.

மூன்றாவது கருத்தில் அவர் தவறினார். உதடும் ஒலியும் பொருந்தவில்லை, தமிழ்க் குரல் கொடுத்தவர் கவனமின்றிச் செய்துள்ளனர் என்று குறைகூறினார். சீன மொழியிலேயே பார்த்தாலும் இக்குறை தென்படும். சீனத் தொடர்கள் பலவற்றில் நடிகரின் சொந்தக் குரல் ஒலிப்பதில்லை. குரற்கலைஞர்கள் பின்னர் பேசிச் சேர்க்கின்றனர். நடிகரின் வட்டார உச்சரிப்பை மறைத்துப் பொதுமொழியை ஒலிக்கச் செய்வது ஒரு காரணம். பல குழுக்கள் அடுத்தடுத்துப் படம்பிடிக்கும் களத்தின் இரைச்சல் மற்றொன்று. செஜியாங் மாகாணத்து ஹெங்டியனில் 1996 ஆம் ஆண்டு முதல் வளர்ந்த படப்பிடிப்பு நகரிற் பெய்ஜிங் அரண்மனையே முழு அளவில் மீளக் கட்டப்பட்டுள்ளது. எனவே தமிழிற் கேட்பவர் கேட்பது இரவற் குரலுக்கு வந்த இரவற் குரல். இதை அறிந்தபோது அவர் சிரித்துவிட்டு, இலங்கை வானொலி நாடகத்தில் முகமே இல்லாத குரலை நம்பினோமே, இதை நம்புவதற்கென்ன என்றாராம்.

நான்காவது கருத்துத்தான் இக்கட்டுரையில் அதிகம் சிந்திக்கப்பட வேண்டியது. 2017 ஆம் ஆண்டின் ஐம்பத்தெட்டுப் பகுதித் தொடரொன்றிலே, மூன்று பிறவிகளுக்கும் நீளும் காதலின் நாயகி, மானிடப் பெண்ணாக வாழ்ந்த காலத்திற் கண்களை இழந்து, குழந்தையைப் பிரிந்து, தேவலோகத்துச் சாபமேடையிலிருந்து குதிக்கிறாள். தெய்வ உருவைத் திரும்பப் பெற்றபின், பட்ட துயரை மறப்பதற்கு மருந்து கேட்டுக் குடித்துவிடுகிறாள். அதன்பின் காதலனைக் கண்டும் அறியாள். தன் பிள்ளையைக் கண்டும் அறியாள். சீனருடைய நம்பிக்கையில், மறுபிறவி எடுக்குமுன் மெங் என்னும் மூதாட்டி வழங்கும் மறதிக் கஞ்சியை ஒவ்வோர் உயிரும் பருகவேண்டும். நாடகத்தின் மருந்து அந்த மரபின் கிளை. மறுபிறவிக் கொள்கை நம்மவர்க்கு விளக்கம் வேண்டாதது. மருந்து குடித்து மறப்பது மட்டும் புதிது.

பேத்தியும் அவளுடைய தோழியரும் நாயகி செய்தது சரி என்றனர். தாங்கமுடியாத துயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்களது வாதம். கொழும்புத்துறைப் பார்வையாளர் இசையவில்லை. “மருந்து இருந்தால் ஆர் குடியாம விட்டது? ஆனால் அவள் குடிச்சது பிழை. பிள்ளையையுமெல்லோ மறந்திட்டாள்” என்றார். அதன்பின் அன்று தொடரைப் பார்க்கவில்லை.

இந்தப் பிணக்கைத் தலைமுறை இடைவெளி என்று கூறி முடித்துவிடுவது இலகு. ஆயின் போருக்குப்பின் பிறந்தவர்களுக்கு நினைவு பிறர் சொல்லக் கேட்ட சுமை. முன்னிருந்தவர்களுக்கோ, வீட்டிலிருந்து எடுத்துவர முடியாதவற்றின் ஒரே இருப்பிடம் நினைவு. இயந்திரத்தின் கால் எங்கே போயிற்று என்பதை மறந்தால் அது இருந்ததென்பதே இல்லாமற் போகும். வெறும் காதல் நாடகத்திலிருந்து இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்போர் இருக்கலாம். போனது கட்டுரையன்று, பார்வையாளர். மறதி மருந்தைச் சீன எழுத்தாளர் கதைமுடிச்சுக்காக வைத்தார். அது கடனீரேரிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு வழக்காகிவிட்டது.

நாடகக் காதலைச் சங்க அகத்திணையோடு ஒப்பிட்டு, களவும் கற்பும் சீனத்திலும் உண்டு என்று நிறுவும் ஆசை தமிழ் மாணவருக்கு எழுவது இயல்பு. ஒருதலைக் காதலுற்று நாயகிக்காக அனைத்தையும் இழக்கும் இரண்டாம் நாயகனைக் கைக்கிளைக்குரியவன் என்று வகுத்துவிடலாம். வகுத்தபின் புதிதாக அறிந்தது என்ன? அவ்வொப்பீடு ஈண்டு விரிக்கப்படவில்லை. பார்வையாளரோ அந்த இரண்டாம் நாயகர்களிடத்து இரக்கமற்றவர். வேறு வேலை இல்லாதவன் என்ற ஒரே சொல்லால் அவர்களை முடித்துவிடுகிறார்.

அவர் மனத்தை முழுமையாகக் கவர்ந்தது 2018 இல் வெளியான யான்சி அரண்மனைத் தொடர். 1741 ஆம் ஆண்டு, சியன்லுங் பேரரசரின் அரண்மனைக்குத் தையற்பணிப் பெண்ணாக நுழைந்து, தமக்கையின் மரணத்துக்குக் காரணமானோரைத் தேடும் வெய் யிங்லோ என்பவளின் கதை அது. பின்னாட் பேரரசரான சியாசிங்கின் தாயாராகிய வரலாற்றுப் பெண்ணை முதலாகக் கொண்டு புனைந்தது. காதலனாகிய மெய்க்காவலனைப் பிரிந்து பேரரசரின் மனைவியர் வரிசையில் அவள் ஏறுவதை இளையவர் பலர் மன்னிக்கவில்லை. அவர் மன்னித்தார், தமக்கைக்கு நீதி தேடப் போனவளுக்குக் காதல் வழியில் வந்த ஒன்று என்பது அவர் தீர்ப்பு. 2019 ஜனவரியிற் பெய்ஜிங் நாளேடொன்று அரண்மனை நாடகங்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன என்று கண்டித்ததைத் தொடர்ந்து, இத்தொடரின் மறு ஒளிபரப்புகள் அங்கே கைவிடப்பட்டன. கொழும்புத்துறையில் ஆடம்பரம் வேறு விதமாகப் பார்க்கப்பட்டது. உடைகளில் மின்னும் நிறம் குறைவு, மங்கிய சாம்பலும் நீலமும் கூடுதல் என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். கூந்தலிற் சூடிய பூக்கள் பட்டிழையால் முறுக்கிச் செய்தவை என்பதையும் சரியாகச் சொன்னார். பழைய சீன உடையின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின்மேற் படிந்து வலப்புறம் கட்டப்படும், மாறிக் கட்டுவது இறந்தவருக்கே என்று பேத்தி எங்கோ படித்துச் சொன்னதைக் கேட்டபின், எந்தத் தொடரைத் தொடங்கினாலும் முதலிற் கழுத்துப் பட்டியைத்தான் பார்க்கிறார்.

தையற்கூடத்துக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். 2022 ஆம் ஆண்டு மின்வெட்டு நீண்ட மாதங்களில், மின்கலம் தீர்ந்துவிடும் என்று பேத்தி அவசரப்படுத்தியபோதும் நிறுத்தியே பார்த்தார். பணிப்பெண்கள் சட்டகத்தில் இழுத்துக் கட்டிய பட்டிற் பூவேலை செய்கின்றனர். ஒருத்தி மேலிருந்து ஊசியைக் குத்துகிறாள். அவளுடைய மற்றக் கை மடியிற் கிடக்கின்றது. அது சட்டகத்தின் கீழே ஊசியை வாங்க நிற்கவேண்டிய கை. இவளுக்கு ஒருத்தரும் தைக்கக் காட்டிக் கொடுக்கவில்லை என்று சொல்லி, அவர் படத்தை மீண்டும் ஓடவிட்டார்.